உரிமம் வேண்டாத வாக்கி-டாக்கி: மும்பை மழையில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி மேல் "10 கிலோமீட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். ஜூலை மாதக் காட்டோரச் சரிவில், இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும்போது எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிலோமீட்டர் சொச்சம், அதுவும் நடுவில் மேடு குறுக்கிடாமல் இருந்தால்தான். முலுண்ட் பக்கம் உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அடுத்த தெருவுக்கே கரகரத்தது. ஆனால் இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாங்கினால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. இன்னும் நாலு செட் வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிராண்ட் பெயர் போடவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் செட் மூன்று நான்கு பெயர்களில் விற்கிறது, என் அனுபவத்தை ஒருத்தர் தலையில் மட்டும் கட்ட விருப்பமில்லை. உள்ளங்கைக்கு அடங்கும் கறுப்பு செட், மேலே ஒரு திருகு, பக்கவாட்டில் பேசுகிற பட்டன், 16 சேனல், 446 மெகாஹெர்ட்ஸ். ஜோடி ₹4,000 சொச்சம். நாங்கள் வாங்கியது மூன்று ஜோடி.

நான் மும்பையில் காட்டுக் காவல் பிரிவு ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறவன். பிறந்து வளர்ந்தது தாராவி, அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மற்ற மாதங்களில் மரம் வெட்டுகிறவன், சருகுக்குத் தீ வைக்கிறவன், பாம்பைப் பிடித்து வித்தை காட்டுகிறவன், வேலி தாண்டி வரும் சிறுத்தை என்று ஓடும். ஜூன் பிறந்தால் வேலையே வேறு. மும்பையின் ஆறுகள் எங்கே பிறக்கின்றன என்று யோசித்தால் புரிந்துவிடும். விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிந்தால் அது மித்தி, துளசி ஏரி வழிந்தால் தஹிசர் ஆறு. மேலே காட்டுக்குள் என்ன நடக்கிறதோ அது கொஞ்ச நேரத்தில் கீழே குர்லா கிராந்தி நகரிலும் பாந்த்ரா-குர்லா வளாகத்துப் பக்கத்திலும் வந்து நிற்கும். அதனால் மழை நாளில் எங்கள் ஆள் ஒருவர் மேலே ஓடைப் பக்கம், ஒருவர் சரிவோரக் குடிசைகளுக்குப் பக்கத்தில், ஒருவர் சாலையில் விழுந்த மரத்துக்கருகே, மற்றவர்கள் வெள்ளத்தில் வீட்டுக்குள் ஏறிய பாம்புக்கும் உடும்புக்கும் என்று சிதறிக் கிடப்பார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எந்த நிமிடமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வேலையே அதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

அரசு வயர்லெஸ் செட் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தரமான செட்தான், இதைவிடப் பல மடங்கு தூரம் போகும். ஆனால் எண்ணிக்கை குறைவு, உரிமம் பெற்ற அலைவரிசை, கையெழுத்துப் போட்டு வாங்குகிற சாமான். கூட வருகிற தன்னார்வலர் கையில் அதைக் கொடுக்க முடியாது. எங்களோடு வருகிறவர்களில் பாதிப் பேர் தன்னார்வலர்கள்: சயான் கோலிவாடாவிலிருந்து இரண்டு பையன்கள், பாண்டுப்பில் பாம்பு பிடிக்கும் ஒரு மராத்திக்காரர், கல்லூரிப் பெண் ஒருத்தி. இவர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். டவர் இருக்கும்வரை போதும்.

டவர் போனால் என்ன ஆகும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, அதே நேரம் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். ஒரே ஊரில் ஒரு பக்கம் கழுத்தளவு தண்ணீர், இன்னொரு பக்கம் குடையோடு போய் வடை வாங்கித் தின்கிற அளவு மழை. போன் இல்லை, கரண்ட் இல்லை, அந்தப் பக்கத்து நிலைமை இந்தப் பக்கத்துக்குத் தெரியவே நேரம் பிடித்தது. அப்பா மறுநாள் தண்டவாளத்தில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அவர் எங்கே இருக்கிறார் என்று அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, பொருளுக்கு வருவோம். வாங்கியது மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில். முதலில் ஏறிய கடையில் நான் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தார்கள், பெரிய ஆன்டெனா, நம்பர் அடிக்கிற கீபேட், விலை இதில் பாதி. "லே லோ சாப், பஹுத் தூர் ஜாத்தா ஹை" என்றார். தூரம் போகும், உண்மைதான். ஆனால் அந்த வகை செட் 136 முதல் 174 வரை, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும், கவனமில்லாமல் திருகினால் போலீஸ் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் விழும். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். நம் நாட்டில் இந்த மாதிரி செட்டுக்கு உரிமம் வேண்டாம் என்று 2018 விதிகளில் விட்டிருப்பது 446.0 முதல் 446.2 வரையிலான சின்னத் துண்டு மட்டும்தான். அதிலும் செட்டுக்கு இ.டி.ஏ. சான்று, அதாவது கருவி வகைக்கான அரசு ஒப்புதல், இருக்க வேண்டும். இதைச் சொல்லாமலே விற்றுக்கொண்டிருந்ததற்காகத்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நான் சட்டம் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு தன்னார்வப் பையன் கையில் சட்டவிரோத செட்டைக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? அந்தக் கடையை விட்டு இறங்கி, தெரு தாண்டி இன்னொரு கடையில் சான்று எண் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கினேன்.

தூரம் பற்றி இன்னும் கொஞ்சம். பெட்டிக்காரர்கள் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. மலை உச்சியிலிருந்து எதிர் மலை உச்சிக்குப் பேசினால் அந்தத் தூரம் கிடைக்கக்கூடும். இந்த அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். மழைத்துளி அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை, நனைந்த இலைதான் குடிக்கிறது, ஏப்ரலில் மொட்டையாக நிற்கும் தேக்கங்காட்டில் கிடைத்த தூரம் ஆகஸ்டில் கிடைக்காது. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, மைக் வயரை மட்டும் இழுத்துப் பேசினால் பாதித் தூரத்தை உங்கள் உடம்பே தின்றுவிடும். செட்டைக் கையில் எடுத்து, ஆன்டெனாவை நிமிர்த்தி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கரகரப்பு சட்டென்று தெளியும். பையன்கள் இதைச் செய்யக் கூச்சப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. எங்கள் இடத்துக்குச் சரிப்பட்டு வந்த வழி, மேட்டில் ஒருவரை நிறுத்தி வைப்பது. ஓடைக்காரர் சொல்வதை அவர் கேட்டு எனக்குத் திருப்பிச் சொல்வார். 2023 ஜூலையில் ராய்கட் மாவட்டத்து இர்ஷால்வாடியில் மலைச்சரிவு வீடுகளை மூடியபோது மேலே வண்டி போகப் பாதை கிடையாது, மீட்புக்காரர்கள் மழையில் நடந்தே ஏறினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அடிவாரத்துக்கும் மேலுக்கும் நடுவே ஓர் ஆள், ஒரு செட் என்பது சின்ன விஷயமில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். பெட்டியில் ஐ.பி. 54 என்று போட்டிருக்கிறது, தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தர எண் அது. 54 என்றால் தெறிக்கும் தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். 67 என்றால்தான் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். மும்பை மழை தெறிப்பதில்லை, ஊற்றும். ஒரு மணி நேர மழைக்குப் பிறகு ஸ்பீக்கர் ஓட்டையில் தண்ணீர் நின்று குரல் அமுங்கிப்போகிறது. செட்டைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பி வரும், ஆனால் இருட்டில், ஒரு கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு, வழுக்கும் சரிவில் யார் தட்டிக்கொண்டு நிற்பது? சமையலறையில் கொத்தமல்லி போட்டு வைக்கிற ஜிப் கவருக்குள் போட்டு, ஆன்டெனா அடியில் ரப்பர் பேண்ட் சுற்றினோம். பட்டனைக் கவர் மேலேயே அழுத்தலாம், குரலும் பெரிதாகக் குறையவில்லை. ₹4,000 கொடுத்த சாமானைக் காப்பாற்றியது இந்த ஐந்து ரூபாய்க் கவர்தான் என்பதை நட்சத்திரம் போடும்போது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறை சார்ஜ் ஏற்றும் இடம். செட்டின் அடியில் இரண்டு செம்புப் புள்ளிகள், அவை சார்ஜர் தொட்டியில் இருக்கும் இரண்டு கம்பிகளைத் தொட வேண்டும். மழைக்காலம் பாதி தாண்டுவதற்குள் புள்ளிகளில் பச்சை படிந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரியும், ஏறுவது போலவே இருக்கும், காலையில் எடுத்தால் பாதிதான் ஏறியிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தால் போகிறது, பத்து நாளில் மறுபடி வருகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை, தொட்டிக்குச் சுவர் பிளக் வேண்டும். வெள்ளத்தன்று முதலில் போவதே கரண்ட். இப்போது டைப்-சி ஓட்டை நேராக செட்டிலேயே இருக்கும் மாடல்கள் வந்துவிட்டன, பவர் பேங்கிலிருந்து ஏற்றலாம். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதை வாங்குங்கள். பெல்ட் கிளிப் உடைந்தது, அதை எல்லா செட்டிலும் எதிர்பார்க்கலாம். உள்ளே ஒரு குட்டி டார்ச் இருக்கிறது, இருப்பதாகச் சொல்லலாம்.

செட்டைவிட அதில் பேசுகிற பழக்கம்தான் பெரிய விஷயம் என்பது ஒரு ராத்திரியில் தெரிந்தது. சரிவோரத்தில் தடுப்புச் சுவர் ஒன்று ஊறி வெடிப்பு விட்டிருந்தது. 2021 ஜூலை 18 அன்று செம்பூர் மாஹுல் பாரத் நகரில் இப்படித்தான் ராத்திரி மழையில் சுவர் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது, அதிலிருந்து ஊறிய சுவர் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். குடும்பங்களை எழுப்பி மேலே கோயில் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தோம். கோலிவாடாப் பையன் ஒருவன் கீழ்ப் படிக்கட்டுக்குப் போகிறேன் என்று கேட்டான். மேட்டில் நின்றவர் அவனுக்குச் சொன்னது "இறங்க வேண்டாம்". சொல்லி முடிக்குமுன் விரலை எடுத்துவிட்டார். பையன் காதில் விழுந்தது "இறங்க". நல்ல வேளை, எனக்கும் அதே அரைகுறைதான் கேட்டது, உடனே "நில்லு, அங்கேயே நில்லு" என்று கத்தினேன். "என்ன அண்ணாச்சி, இப்பத்தானே இறங்கச் சொன்னாங்க?" என்றான்.

யோசித்துப் பார்த்தால் நம் பேச்சில் வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும், மராத்திக்காரர்களுக்கும் அப்படியே, "உதரூ நகா". பட்டனைச் சீக்கிரம் விட்டால் மறுப்பு மட்டும் வெட்டுப்படுகிறது. பட்டனை அழுத்தியவுடன் பேசினால் முதல் எழுத்தும் போகிறது, ஏனென்றால் செட் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் எடுக்கும். அதிலிருந்து எங்கள் சட்டம் இதுதான்: அழுத்து, மனசுக்குள் ஒன்று எண்ணு, பேசு, முடிந்ததும் ஒன்று எண்ணு, விடு. நில், ஏறு, திரும்பு, இந்த மாதிரி ஒற்றை வார்த்தை மட்டும். கேட்டவர் திருப்பிச் சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் இல்லினாய், வர்ஜீனியா மாதிரி மாநிலங்களில் கன்சர்வேஷன் போலீஸ் என்றே ஒரு படை இருக்கிறது, வேட்டைச் சட்டம், மீன்பிடிச் சட்டம், படகுச் சட்டம் பார்க்கிறவர்கள். கிட்டத்தட்ட எங்கள் ஜாதிதான், சம்பளமும் படகும் வேறு. பேரிடர் வந்தால் இவர்களையும் கூப்பிடுவார்கள், படகு இவர்களிடம் இருக்கும், சேறும் சதுப்பும் இவர்களுக்குத் தெரியும். மும்பை மூழ்கிய அடுத்த மாதம், 2005 ஆகஸ்டில், கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது லூசியானாவின் வனவிலங்கு, மீன்வளத்துறைக் காவலர்கள் தங்கள் படகுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். அங்கே போலீஸ் ரேடியோவில் எண்களில் பேசுகிற வழக்கம் உண்டு, 10-4 என்றால் சரி, கேட்டது என்கிற மாதிரி. ஊருக்கு ஊர் எண்ணுக்கு அர்த்தம் மாறும் என்பதால், பல துறைகள் சேர்ந்து வேலை பார்க்கும் சம்பவங்களில் எண் வேண்டாம், சாதாரணப் பேச்சுதான் என்று 2006-லிருந்து வைத்துவிட்டார்கள். ஒரு மேற்பார்வையாளருக்கு ஐந்து பேர் என்றால் உத்தமம் என்பதும் அவர்கள் முறையில் இருக்கிறது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் கொண்டுவந்த நிகழ்வு எதிர்வினை முறையும் அதே அடிப்படைதான். மூன்று ஜோடி வாங்கினோம் என்றேனே, ஒன்று என் கையில், மீதி ஐந்து. ஒரு சேனலில் அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஒருத்தர் மேல் ஒருத்தர் பேசி யாருக்கும் எதுவும் கேட்காது, இதை நாங்கள் சோதித்தும் பார்த்துவிட்டோம்.

சேனல் விஷயத்தில் ஒரு தமாஷ். இந்த 16 சேனலும் பொதுச் சொத்து. மால் வாட்ச்மேன், ஷூட்டிங் யூனிட், கல்யாண மண்டபம் எல்லாரும் இதில்தான் இருக்கிறார்கள். மரம் விழுந்து ஆட்டோ மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், ரம்பம் கேட்டு நான் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு குரல் வந்து பூரி தீர்ந்துவிட்டது, இரண்டாவது மாடிக்கு உடனே அனுப்பு என்று ஹிந்தியில் அதட்டியது. எங்கள் பையன் பயந்துபோய் "சரி அண்ணாச்சி" என்றுவிட்டான். "பிரைவசி கோடு" என்று ஒன்றைப் பெட்டியில் விளம்பரம் பண்ணுகிறார்கள். அதைப் போட்டால் பூரிக்காரர் குரல் உங்களுக்குக் கேட்காது, ஆனால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், இருவரும் ஒரே நேரம் பேசினால் இடிக்கவும் செய்யும். ரகசியம் எதுவும் கிடையாது. அடிபட்டவர் பெயர், சிறுத்தை எங்கே பதுங்கியிருக்கிறது போன்றவற்றை இதில் பேசாதீர்கள், சிறுத்தை என்று ஒரு வார்த்தை கேட்டால் அரை மணியில் செல்போனோடு கூட்டம் கூடிவிடும்.

பேரிடரில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே பேச இது உதவாது. அதற்கு ஹாம் ரேடியோ, அதாவது ஆர்வலர்கள் நடத்தும் வானொலி நிலையம், பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது டெல்லியைச் சேர்ந்த ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத் தற்செயலாகத் தன் கருவிகளோடு அந்தமானில் இருந்தார், தீவிலிருந்து வெளியே செய்தி போக அவருடைய நிலையம் உதவியது. சயான் பையன்களில் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு இப்போது புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் படித்துக்கொண்டிருக்கிறான், பரீட்சைக்கு மோர்ஸ் கட்டாயமில்லாத பிரிவும் உண்டு என்று சொன்னாலும் கேட்பதில்லை.

யார் வாங்கலாம்? மழைக்காலத்தில் கீழ்த்தளம் மூழ்குகிற ஹவுசிங் சொசைட்டி, மலையேற்றக் குழு, பாம்பு மீட்பு ஆட்கள், கணபதி விசர்ஜனுக்குத் தன்னார்வலர் போடுகிற மண்டல்கள், இவர்களுக்கெல்லாம் போதும். சும்மா வீட்டில் இருக்கட்டும் என்று வாங்கினால் பேட்டரி செத்துத்தான் போகும், மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பேச வேண்டும். செட் கையில் இருக்கிறது என்பதற்காக நீங்களே தண்ணீரில் இறங்காதீர்கள், போன் வேலை செய்யும்வரை மாநகராட்சிப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1916, காட்டு விலங்கு என்றால் வனத்துறையின் 1926.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். டைப்-சியும் ஐ.பி. 67-உம் சேர்ந்த மாடல் என்றால் நான்கு கொடுப்பேன். வாங்கும்போது கடையிலேயே இரண்டு செட்டையும் ஆன் பண்ணச் சொல்லி, ஒன்றைக் கடைப்பையனிடம் கொடுத்து நாலு கட்டடம் தள்ளி நடக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள், லாமிங்டன் ரோட்டில் கடைக்கா பஞ்சம்.